கிட்டார் கழுத்தில் விரிசலா? தூக்கிப் போடவும் வேண்டாம், உடனே ஒட்டவும் வேண்டாம்!

ஸ்டாண்டில் இருந்து சாய்ந்து விழுந்தாலும் சரி, வேனில் மற்ற சாமான்களோடு உருண்டாலும் சரி, கிட்டாரில் அதிகம் அடிபடுவது ஒரே இடம்தான்: கழுத்தும் தலையும் சேரும் இடம். உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால், கழுத்தின் பின்பக்கம் மெல்லிய கோடு ஒன்று ஓடும். சில நேரம் தலை முழுவதுமாக முறிந்து, கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பார்த்ததும் பலர் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 'அவ்ளோதான், கிட்டார் காலி' என்று மூலையில் வைத்துவிடுவது ஒன்று. 'இதுக்குப் போய் கடைக்கு அலையணுமா? ரெண்டு சொட்டு ஃபெவிக்விக் விட்டா முடிஞ்சது' என்று அங்கேயே ஒட்டிவிடுவது இன்னொன்று.

இரண்டுமே அவசர முடிவுகள். கழுத்து விரிசல் என்பது கிட்டார் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் பழுது. பெரும்பாலும் சரிசெய்துவிடக் கூடியதும்கூட. நல்லபடியாக ஒட்டியிருக்க வேண்டிய கிட்டார்கள் பல வீணாவது, விழுந்த அடியால் அல்ல. விழுந்த கையோடு ஊற்றிய தவறான பசையால். அது ஏன், விரிசலை எப்படி மதிப்பிடுவது, பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

அந்த இடத்தில் மட்டும் ஏன் உடைகிறது?

கிட்டாரின் கழுத்து எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் சுருதி சேர்த்த 6 ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து கொடுக்கும் இழுவிசை, ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். எலெக்ட்ரிக் கிட்டாரில் 45 கிலோ அளவுக்கும், நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 40 கிலோ அளவுக்கும் இருக்கும். நீங்கள் வாசிக்காமல் சுவரில் மாட்டி வைத்திருக்கும்போதும் இந்த இழுவை ஓய்வதில்லை.

அடுத்தது, மரத்தின் இயல்பு. விறகு பிளந்தவர்களுக்கு இது தெரியும். இழை ஓடும் திசையில் கோடாரி போட்டால் கட்டை சட்டென்று பிளக்கும்; குறுக்கே வெட்டினால் லேசில் அசையாது. கிட்டார் கழுத்தில் இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதே கட்டையில் பின்பக்கம் சாய்ந்த தலையையும் சேர்த்துச் செதுக்கும்போது, வளைவு தொடங்கும் இடத்தில் இழைகள் பாதியில் அறுபட்டுவிடுகின்றன. அதாவது, மரம் எளிதில் பிளக்கக்கூடிய திசை, கம்பிகள் இழுக்கும் இடத்திலேயே வந்து அமைகிறது.

இதோடு இன்னொரு பலவீனமும் சேர்கிறது. கழுத்து வளையாமல் இருக்க உள்ளே 'டிரஸ் ராட்' என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ இதற்கு 1923இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கம்பியைத் திருகிச் சரிசெய்யும் வாயை, கிப்சன் பாணி கிட்டார்களில் நட்டுக்கு அருகே, தலைப்பக்கம் குடைந்து வைப்பார்கள். ஏற்கெனவே மெலிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மரம் போய்விடுகிறது.

எல்லா கிட்டாரும் இப்படி உடையுமா?

இல்லை. வடிவமைப்பைப் பொறுத்தது. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால், மஹோகனி கழுத்தும் 17 டிகிரி பின்சாய்வும் கொண்டது. தலை உடைவது என்றால் கிட்டார்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வகைதான். கிப்சனுக்கும் இது தெரியும். 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், வளைவுக்குப் பின்னால் சிறு திமில் போல 'வால்யூட்' என்ற மரப்புடைப்பை விட்டது. 1980களின் தொடக்கத்தில் அந்தப் புடைப்பைக் கைவிட்டது.

ஃபெண்டர் போன வழி வேறு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை பின்னால் சாய்வதில்லை. கழுத்தோடு நேராகவே போகிறது. மரமும் கடினமான மேப்பிள். அதனால் தலை உடைவது அரிது. உடைந்தாலும், கழுத்து 4 திருகாணிகளால் பொருத்தப்பட்டிருப்பதால் கழற்றிவிட்டு வேறு கழுத்தை மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. தலையைத் தனித் துண்டாக வெட்டி, சாய்வாகக் கழுத்தோடு ஒட்டுவது. பல கிளாசிக்கல் கிட்டார்களும் விலை குறைந்த கிட்டார்களும் இப்படித்தான் வருகின்றன. தலையிலும் இழை நீளமாக ஓடும் என்பதால் இது நல்ல முறை. இதில் பிரச்சினை வந்தால், பெரும்பாலும் அந்த ஒட்டே வாய்பிளந்திருக்கும்.

விழுந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கம்பிகளைத் தளர்த்துங்கள். இதுதான் முதல் வேலை. 70 கிலோ இழுவையில் ஒவ்வொரு நிமிடமும் விரிசல் நீண்டுகொண்டே போகலாம். ஒரே கம்பியை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்துவது நல்லது.

தலை தனியாக வந்துவிட்டதா? தரையில் கிடக்கும் சின்னச் சின்ன மரத்துணுக்குகளையும் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள். தீக்குச்சி அளவுத் துணுக்குகூட ஒட்டும்போது தன் இடத்தில் போய் உட்காரும். 'சரியா பொருந்துதான்னு பாக்கலாம்' என்று உடைந்த இரண்டு துண்டுகளையும் திரும்பத் திரும்பச் சேர்த்து அழுத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இழைகளின் நுனி நசுங்கும். உடைந்த பரப்பைக் கையால் தடவவும் வேண்டாம்; விரல் எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது. நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு கிட்டாரைப் பெட்டியில் படுக்க வைத்துவிடலாம். விரிசல் ஒரு வாரம் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது. அவசரமாக ஒட்டினால்தான் கெட்டுப்போகும்.

விரிசல் ஆபத்தானதா, இல்லையா?

கண்ணில் படும் எல்லாக் கோடும் மரத்தின் விரிசல் அல்ல. மேலே பூசிய வார்னிஷ் மட்டும் வெடித்திருக்கலாம். கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் உள்ளன.

முதலில், டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்வாக அடித்துப் பாருங்கள். பிறகு, கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் பட்டால் மரம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, கம்பிகள் தளர்ந்த நிலையில், துண்டு விரித்த மேசையில் கிட்டாரை வைத்து, ஒரு கையால் முதல் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையின் இரண்டு விரலால் தலையின் நுனியை லேசாக, மிக லேசாக அசையுங்கள். கோடு திறந்து மூடினால் அது மர விரிசல். தெரிந்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். அசையவே இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால் வார்னிஷாக இருக்கலாம். ஆனால், நட்டுக்குப் பின்னால் இருக்கும் கோடு என்றால், விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அதை விரிசலாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

மர விரிசல்தான் என்று உறுதியானால், அடுத்து பார்க்க வேண்டியது அது ஓடும் விதம். நீளமாகச் சாய்ந்து ஓடும் விரிசல் நல்ல செய்தி. பசை பிடிக்கப் பெரிய பரப்பு கிடைக்கும். இழையோடு இழை சேரும். குட்டையாக, ஏறக்குறைய குறுக்கு வெட்டாக முறிந்திருந்தால் பசை பிடிக்கும் பரப்பு குறைவு. அதற்கு ஒட்டு மட்டும் போதாது, வலுவூட்டலும் வேண்டியிருக்கும். துணுக்குகள் தொலைந்து ஓட்டை விழுந்திருந்தால் வேலை இன்னும் கூடும்.

விரிசல் வேறு இடத்தில் இருந்தால் கதையும் வேறு. கழுத்து உடம்போடு சேரும் அடிப்பகுதியில் இடைவெளி தெரிகிறதா? கம்பிகள் ஃபிங்கர்போர்டை விட்டு மேலே எழும்பி, அழுத்தி வாசிக்கச் சிரமமாக இருக்கிறதா? அது மூட்டு விலகியதன் அறிகுறியாக இருக்கலாம். கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். கழுத்தின் பின்பக்கம் நடுவே நீளவாக்கில் கோடு ஓடினால், டிரஸ் ராடை அளவுக்கு மீறித் திருகியது காரணமாக இருக்கலாம். இந்த இரண்டையும் வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது.

ஃபெவிக்விக் ஏன் வேண்டாம்?

வீட்டில் கைக்கு முதலில் கிடைப்பது இதுதான் என்பதால் இந்தக் கேள்வி முக்கியமானது. உடனடிப் பசைகள் சில விநாடிகளில் பிடித்துக்கொள்ளும். துண்டுகளைச் சரியாக நேர்செய்ய அவகாசமே இருக்காது. கால் மில்லிமீட்டர் விலகி ஒட்டினாலும் அந்தப் படி விரலில் உறுத்தும். இந்தப் பசை காய்ந்தபின் கண்ணாடி போல விறைப்பாக இருக்கும். அடுத்த அதிர்ச்சியில் விட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, அது மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுவது. பிறகு எந்த மரப்பசை ஊற்றினாலும் மரத்துக்குள் இறங்காது. அசிட்டோனால் கரைக்கப் பார்த்தால் கிட்டாரின் பாலிஷும் சேர்ந்து போகும். புதிதாக உடைந்த மரத்தில் ஒவ்வொரு இழையும் தன் ஜோடியோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்தும். அந்தப் பொருத்தம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அதனால்தான் முதல் ஒட்டு சரியாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

சரி, மேசை நாற்காலிக்குப் போடும் வெள்ளைப் பசை? மரத்தில் நன்றாகப் பிடிக்கும்தான். ஆனால், சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழும். நாற்காலியில் அது தெரியாது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் ஒரே பக்கம் இழுபடும் கழுத்தில், ஒட்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நழுவத் தொடங்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

கிட்டார் பட்டறைகளில் பொதுவாகப் பயன்படுத்துவது, காய்ந்தபின் கெட்டியாகும் மஞ்சள் மரப்பசை. 'டைட்பாண்ட் ஒரிஜினல்' இதில் பரவலாகத் தெரிந்த பெயர். பழைய முறைப்படி வேலை செய்பவர்கள், ஆசாரிகள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையை 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிப் பூசுவார்கள். காய்ந்தால் இது மிகக் கெட்டியானது. பிறகு தேவைப்பட்டால் சூடும் ஈரமும் கொடுத்துப் பிரிக்கவும் முடியும். ஏற்கெனவே யாரோ தவறாக ஒட்டிக் கெடுத்த முறிவுக்கும் மரம் தொலைந்த இடத்துக்கும் எபாக்ஸி கைகொடுக்கும்.

திருகாணி போட்டு இறுக்கலாமா? கூடாது. மெலிந்த மரத்தில் திருகாணி இறங்கினால் இன்னொரு விரிசல் பிறக்கும். அடுத்து பழுதுபார்க்க வருபவருக்கும் அது இடைஞ்சல்.

பட்டறையில் என்ன நடக்கும்?

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: பசை போடும் நேரம் மிகக் குறைவு, அதற்கு முன்னால் செய்யும் ஒத்திகைதான் அதிகம். முதலில் டிரஸ் ராடைத் தளர்த்துவார்கள். கழுத்தின் வளைவுக்கு ஏற்றபடி மரக்கட்டைகளை வெட்டி, பாலிஷ் கெடாமல் இருக்க அவற்றில் கார்க் ஒட்டிக்கொள்வார்கள். பசையே இல்லாமல் கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டு பக்கமும் மட்டமாகச் சேர்கிறதா, கோடு முழுவதுமாக மூடுகிறதா என்று பார்ப்பார்கள். சரியாக வரும்வரை இந்த ஒத்திகை தொடரும்.

பிறகுதான் பசை. முழுவதும் முறிந்திருந்தால் தூரிகையால் இரண்டு பரப்பிலும் பூசலாம். மெல்லிய விரிசல் என்றால் சவால் அதிகம். விரிசலை லேசாகத் திறந்து, ஊசியாலோ மெல்லிய தகட்டாலோ பசையை உள்ளே தள்ளி, திறந்து மூடி, கடைசி மூலைவரை போகச் செய்ய வேண்டும். கிளாம்ப் இறுகும்போது கோடு நெடுகப் பசை முத்து முத்தாக வெளியே வந்தால், உள்ளே எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது என்று பொருள். அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் தொடாமல் விட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாகக் காத்திருப்பது நல்லது. கம்பி ஏற்றுவது அதற்குப் பிறகும் சில நாள் கழித்துத்தான்.

'நேத்து குடுத்தேன், இன்னிக்கே ரெடி' என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

ஒட்டினால் பழைய வலு திரும்புமா?

'என்ன இருந்தாலும் ஒட்டு ஒட்டுதானே' என்ற தயக்கம் இயல்பு. ஆனால், இசைக்கருவிகளில் ஒட்டு என்பது குறை அல்ல. தஞ்சாவூரில் ஒரே மரத்தில் குடையும் ஏகாந்த வீணையும் உண்டு. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து சேர்க்கும் ஒட்டு வீணையும் உண்டு. கிட்டாருமே பல துண்டுகளை ஒட்டிச் செய்த கருவிதான்.

இழையோடு இழை நன்கு பொருந்தி ஒட்டிய இடம், சுற்றியுள்ள மரத்துக்கு இணையான வலுவோடு இருக்கும். மறுபடி விழுந்தால், ஒட்டு அப்படியே நிற்க, பக்கத்து மரம் உடைவதும் உண்டு. குட்டையான முறிவு, மரம் தொலைந்த முறிவு, இரண்டாவது முறை உடைந்தது ஆகியவற்றுக்கு மட்டும் கூடுதல் பலம் தேவை. டிரஸ் ராடின் இரு பக்கமும் முறிவைத் தாண்டிப் பள்ளம் எடுத்து, நீள இழை கொண்ட மரப்பட்டைகளைப் பதித்து ஒட்டுவது ஒரு வழி. தலையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இழைத்துவிட்டு, வளைவு நெடுகப் புதிய மரத்தகட்டைப் போர்த்தி ஒட்டுவது இன்னொரு வழி.

ஒலி மாறுமா? விரிசல் முழுவதும் மூடிவிட்டால் வாசிப்பில் வேறுபாடு தெரியாது என்பதே பெரும்பாலோரின் அனுபவம். கோடு மட்டும் கொஞ்சம் தெரியலாம். அதை மறைக்க வண்ணமும் பாலிஷும் போடுவது தனி வேலை. சில நேரம் ஒட்டுவதைவிட அதற்குத்தான் செலவு அதிகம். கோடு தெரிந்தால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் பணம் மிச்சம்.

செலவழிக்கலாமா, விட்டுவிடலாமா?

அதே மாடல் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். பழுதுச் செலவு அதை நெருங்கினால் யோசிக்கலாம். கழுத்தைத் திருகாணியில் மாட்டிய கிட்டார் என்றால் மாற்றுக் கழுத்தின் விலையையும் விசாரியுங்கள். அப்பா வாங்கிக் கொடுத்தது, முதல் மேடையில் வாசித்தது என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது உங்கள் முடிவு.

விலை குறைந்த கிட்டார், நீளமான சுத்தமான விரிசல் என்றால், நல்ல மரப்பசையும் இரண்டு மூன்று கிளாம்பும் பொறுமையும் இருப்பவர்கள் வீட்டில் முயன்று பார்க்கலாம். தலை முழுவதும் முறிந்தது, குறுக்கே உடைந்தது, விலை உயர்ந்தது என்றால் கிட்டார் வேலை தெரிந்தவரிடம் போவதே சரி. அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பசை? வலுவூட்டல் தேவையா, ஏன்? எத்தனை நாள் கழித்துக் கம்பி ஏற்றுவீர்கள்? வேலை தெரிந்தவர் மூன்றுக்கும் காரணத்தோடு பதில் சொல்வார்.

பழைய கிட்டார் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். தலை உடைந்து ஒட்டிய பழைய கிட்டார்களின் விலை பாதியளவுக்குக்கூடக் குறையலாம் என்பது சந்தையில் புழங்கும் கணக்கு. வாசிக்க வாங்குபவருக்கு இது லாபம்தான், விற்பவர் உண்மையைச் சொல்லியிருந்தால். அதனால் பணம் கொடுக்கும் முன் நட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மட்டும் வண்ணம் அடர்த்தியாக இருக்கிறதா, நகத்தில் ஏதாவது தட்டுகிறதா? 'கழுத்துல எப்பவாவது வேலை பாத்திருக்கா?' என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

மறுபடி உடையாமல் காப்பது எப்படி?

சுவரிலும் சோபாவிலும் சாய்த்து வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். கழுத்தைத் தாங்கும் நல்ல ஸ்டாண்டோ, சுவர் மாட்டியோ போதும்.

கெட்டியான பெட்டிக்குள் இருந்தாலும் தலை உடையலாம். பெட்டி கீழே விழும்போது உடம்பு நின்றுவிடும். ட்யூனிங் கீகளின் எடையோடு தலை மட்டும் சாட்டை போல முன்னும் பின்னும் ஆடும். அதனால் பயணத்தில் தலைக்கு மேலும் கீழும் துணியைச் சுருட்டி வைத்து, ஆடாமல் செய்யுங்கள். கழுத்துக்குக் கீழேயும் தாங்கல் இருக்கட்டும். விமானத்தில் சரக்கோடு போகிறது என்றால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவதும் உதவும். 2008இல் விமானப் பயணத்தில் சேதமான தன் டெய்லர் கிட்டாருக்காக, கனடா இசைக்கலைஞர் டேவ் கரோல் 1,200 டாலர் செலவழித்தார். இழப்பீடு கிடைக்காமல் அவர் 2009இல் பாடி வெளியிட்ட வீடியோ உலகம் முழுக்கப் பிரபலமானது.

வெயிலில் நிறுத்திய காரில் கிட்டாரை விட்டுச் செல்லவே கூடாது. ஒட்டிய கிட்டாருக்கு மட்டுமல்ல, உடையாத கிட்டாருக்கும் இது பொருந்தும். அதன் பெரும்பாலான மூட்டுகள் பசையால் ஆனவை. இவ்வளவும் செய்து ஒரு நாள் விழுந்தே விட்டால், கம்பிகளைத் தளர்த்துங்கள், துணுக்குகளைப் பொறுக்குங்கள், பசை டியூபை மட்டும் எடுக்காதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்.